கோபுரத்துக்குப் பின்னால் இருக்கும் வானம்

அன்புள்ள ஐயா,

லண்டனில் வரப்போகும் ‘ஒன் அண்டர்ஷாஃப்ட்’ கட்டடம் ஊரின் வான்கோட்டை மாற்றிவிடும் என்று கவலைப்பட்டு எழுதியிருந்தீர்கள். ஏற்கெனவே உயரமான கட்டடங்கள் நிற்கிற இடத்தில் இன்னொன்று வந்தால் என்ன? நான் மதுரைக்காரன். மீனாட்சியம்மன் கோயிலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டக்கூடாது என்ற விதியால் எங்கள் வீட்டில் இரண்டு மாடிக்கு மேல் எடுக்க முடியவில்லை. தம்பிக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, இடம் போதவில்லை. வெளியூர்க்காரர்கள் பார்த்து ரசிக்க உள்ளூர்க்காரர்கள் நெருக்கியடித்து வாழ வேண்டுமா? வானம் யார் வீட்டுச் சொத்து?

முருகேசன், மதுரை

அன்புள்ள முருகேசன்,

வானம் உங்கள் ஊர்க் கண்மாய் மாதிரி, எல்லாருக்கும் பொது. கண்மாய்க்குள் முதல் வீடு எழும்பும்போது யாரும் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. தண்ணீர் நிற்க இடமில்லாமல் போன பிறகுதான் தேடுகிறோம். அந்தப் பதற்றத்தில்தான் அந்தக் கட்டுரையை எழுதினேன்.

சில வருடங்களுக்கு முன் லண்டனில் ரிச்மண்ட் பார்க்குக்குப் போயிருந்தேன். அங்கே ‘கிங் ஹென்றி மேடு’ என்று ஒரு சின்ன மண்மேடு. பக்கத்தில் முள் இலைப் புதர்வேலி. அந்த வேலியில் ஒரு துளை வெட்டி வைத்திருக்கிறார்கள். துளைக்கு நேரே காட்டுக்குள் கிளைகளை ஒதுக்கி ஒரு சந்து. அதன் வழியாகப் பார்த்தால் சுமார் 16 கிலோமீட்டருக்கு அப்பால் செயின்ட் பால் தேவாலயத்தின் குவிமாடம் தெரிகிறது. கையை நீட்டிப் பிடித்தால் சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இல்லை. எனக்கு முன்னால் நின்ற ஒரு பாட்டி பேரனைத் தூக்கிப் பிடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். இந்தப் பார்வைக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. வழியில் அதை மறைத்து யாரும் கட்ட முடியாது.

என் முறை வந்தது. குவிமாடம் தெரிந்தது. அதன் பின்னாலேயே ஒரு கட்டடமும் தெரிந்தது. தேவாலயத்தையும் தாண்டிப் பல கிலோமீட்டர் தள்ளி, கிழக்கு லண்டனில் ஸ்ட்ராட்ஃபோர்டு என்ற பகுதியில் எழுப்பிய 42 மாடிக் கட்டடம் அது. 2016இல் அது உயர்ந்து நின்ற பிறகுதான் மேட்டிலிருந்து பார்த்தவர்கள் திடுக்கிட்டார்கள். அது தேவாலயத்தின் ஒரு கல்லையும் தொடவில்லை, எதையும் மறைக்கவும் இல்லை. ஆனால் இத்தனை காலம் வெறும் வானத்தில் வரைந்த மாதிரி இருந்த குவிமாடத்தின் ஓரம் கலங்கிப்போய்விட்டது. முன்னால் எது வரக்கூடாது என்று அவ்வளவு கவனமாக இருந்தவர்கள், பின்னால் அவ்வளவு தூரம் போய்ப் பார்க்கவில்லை.

லண்டன் இந்தப் பாடத்தை முன்பே ஒருமுறை படித்த ஊர். 1930களில் தேவாலயத்துக்கும் தேம்ஸ் ஆற்றுக்கும் நடுவே ஒரு பெரிய தொலைபேசி நிலையம் எழும்பி ஆற்றுப்பக்கப் பார்வையை அடைத்தது. அதைப் பார்த்துப் பதறித்தான் தேவாலயப் பராமரிப்பைப் பார்த்துக்கொண்ட கட்டடக் கலைஞர் காட்ஃப்ரி ஆலன், சுற்றுவட்டாரத்தில் எந்த இடத்தில் எவ்வளவு உயரம் என்று வரைபடம் போட்டார். ஆரம்பத்தில் அதற்குச் சட்ட பலம்கூட இல்லை. ஆனாலும் கட்டுகிறவர்கள் அதை மதித்தார்கள். அந்த அக்கறை இன்றும் தெரிகிறது. லெடன்ஹால் தெருவில் 225 மீட்டர் உயரத்தில் ஒரு கட்டடம் ஒரு பக்கம் சரிந்து ஆப்பு மாதிரி நிற்கும். ஃப்ளீட் தெருவில் நடந்து வருகிறவர் கண்ணில் குவிமாடத்தோடு மோதாமல் இருக்கத்தான் அப்படிச் சரித்தார்கள்.

சரி, அண்டர்ஷாஃப்டுக்கு வருகிறேன். 309.6 மீட்டர். ஆற்றுக்குத் தென்கரையில் நிற்கும் ‘ஷார்ட்’ என்ற கட்டடத்துக்குச் சமமான உயரம். இதற்கு மேல் போக விமானப் பாதை விடாது. 2024 டிசம்பரில் ஒப்புதல் கிடைத்தது. நீங்கள் கேட்டதில் பாதி நியாயம் இருக்கிறது. கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் லண்டனில் அதற்கு ஏற்ற இடம் அதுதான். உயரமானவற்றை ஒரே இடத்தில் கொத்தாக வைத்தால் மற்ற இடங்களில் வானம் மிஞ்சும். வாட்டர்லூ பாலத்தில் நின்றால் குவிமாடம் ஒரு பக்கம், கொத்து ஒரு பக்கம், நடுவே ஓர் இடைவெளி. அந்த இடைவெளிக்குத்தான் நான் பயப்படுகிறேன். கொத்தின் உச்சி உயர உயர, பக்கத்தில் வருகிறவரும் ‘நான் அதைவிடக் குள்ளம்தானே’ என்று கேட்டு அனுமதி வாங்குவார். அப்புறம் கீழே உள்ள செயின்ட் ஹெலன்ஸ் சதுக்கம். மதியத்தில் ஆபீஸ்காரர்கள் உட்கார்ந்து சாப்பிடும் திறந்தவெளி. அது குறுகுகிறது என்று எதிர்ப்பு வந்துதான் அந்த வருட ஜூலையில் முடிவைத் தள்ளிவைத்து, திட்டத்தைத் திருத்தினார்கள்.

இனி உங்கள் வீடு. உங்கள் வருத்தம் நியாயமானது. ஊருக்கெல்லாம் பொதுவான ஒன்றைக் காக்கும் செலவை உங்கள் தெருக்காரர்கள் மட்டும் சுமப்பது தப்பு. நியூயார்க்கில் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தின் தலைமேல் கோபுரக் கட்டடம் வைக்கக்கூடாது என்று நகரம் தடுத்தது. அந்தத் தடை செல்லும் என்று 1978இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் சொன்னது. ஆனால் அங்கே கட்டமுடியாமல் போன உயரத்தைப் பக்கத்து மனைகளுக்கு மாற்றிக்கொள்ளும் உரிமையை நகரம் உரிமையாளருக்குக் கொடுத்திருந்தது. நீங்கள் எடுக்கமுடியாத மாடிக்கும் அப்படி ஒரு விலை கிடைக்க வேண்டும் என்று கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன்.

ஆனால் ‘வெளியூர்க்காரர்கள் ரசிக்க’ என்று எழுதிவிட்டீர்களே, அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். பஸ் ஜன்னலில் கோபுரம் தெரிந்ததும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர் யார்? 1939இல் ஆலயப் பிரவேசம் நடக்கும்வரை அந்தக் கோயிலுக்குள் விடப்படாத மக்கள் உங்கள் ஊரிலேயே இருந்தார்கள். வாசலில் தடுக்க முடிந்தவர்களால் கோபுரத்தை அவர்கள் கண்ணிலிருந்து மறைக்க முடியவில்லை. தன் வீட்டுக் கூரைக்கு மேலே அதைப் பார்க்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை.

அதனால் அந்த 9 மீட்டர் விதி போதாது என்றுகூடச் சொல்வேன். ஒரு கிலோமீட்டர் வட்டம் கிட்டப் பார்வையைக் காக்கும். வைகையின் வடகரையிலிருந்தோ திருப்பரங்குன்றத்து மலையிலிருந்தோ பார்க்கிறவருக்கு, வட்டத்துக்கு வெளியே எழும்பும் ஒரே ஒரு கட்டடம் போதும், ஸ்ட்ராட்ஃபோர்டு கதைதான்.

உங்கள் மொட்டைமாடியிலிருந்து எந்தெந்தக் கோபுரம் தெரிகிறது? அவற்றுக்குப் பின்னால் இப்போது என்ன நிற்கிறது? ஒரு சாயங்காலம் ஏறிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.