64 பேர் மட்டுமே வாழும் ஒரு கவுண்டி எப்படி இயங்குகிறது?

கவுண்டி என்பது அமெரிக்க மாநிலத்தின் நிர்வாகப் பிரிவு. ஏறக்குறைய நம் மாவட்டம் போன்றது. டெக்சாஸில் மட்டும் 254 உண்டு. அவற்றுள் லவ்விங் கவுண்டியில் 2020 கணக்கெடுப்பின்படி 64 பேர்தான். ஒரே பஸ்ஸில், சிலர் நின்றுகொண்டால், மொத்த மக்களும் ஏறிவிடலாம். பரப்போ சுமார் 1,750 சதுர கிலோமீட்டர்!

ஆள் குறைவுக்குக் காரணம் தண்ணீர்ப் பற்றாக்குறை. மழை மிகக் குறைவு. மேற்கு எல்லையில் ஓடும் பேக்கோஸ் ஆற்று நீர் உப்புக் கரிக்கும். பாசனக் கால்வாய்க் கனவோடு 1893-இல் அமைந்த கவுண்டி நிர்வாகம் நான்கே ஆண்டில் கலைக்கப்பட்டது. பிறகு பெட்ரோலியம் கிடைத்து ஆட்கள் வந்ததால் 1931-இல் மீண்டும் உயிர்பெற்றது. டெக்சாஸில் இரண்டு முறை அமைக்கப்பட்ட கவுண்டி இது ஒன்றுதான். தலைநகர் மென்டோன். 1935-இல் கட்டிய சிறிய நீதிமன்றக் கட்டடம் அங்கே இருக்கிறது. ஆள் குறைவென்றாலும் ஷெரிப் (கவுண்டியின் காவல் தலைவர்), நீதிபதி எல்லோரையும் தேர்தலில்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அண்டை வீட்டுக்காரரே எதிர்வேட்பாளராக நின்றால் என்ன செய்வது என்று எனக்குத் தோன்றும்.

பெயருக்கும் காதலுக்கும் தொடர்பில்லை. மாட்டு மந்தைகளை ஓட்டிச் சென்ற ஆலிவர் லவ்விங், 1867-இல் பேக்கோஸ் ஆற்றங்கரையில் கமாஞ்சி என்னும் பழங்குடியினரால் காயமடைந்து பின்னர் இறந்தார். அவர் பெயர்தான் இது.

64 பேர் என்றதும் வெறிச்சோடிய ஏழைப் பகுதி என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அப்படியில்லை. வேலைக்கு வந்து போகும் எண்ணெய்த் தொழிலாளர்கள் அந்தக் கணக்கில் இல்லை. எண்ணெய் வயல்களின் வரிப்பணம் கவுண்டியின் கஜானாவுக்கு வருகிறது.