குளத்து நீரை இழுக்கும் பம்ப் பாதியில் பிடிப்பை விட்டால்

வணக்கம். உங்கள் தன்னார்வத் தீயணைப்புக் குழுவின் பம்ப் வண்டியில் பிரைம் செய்தால் (உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றினால்) குளத்து நீர் ஏறுகிறது, நாசிலைத் (நீர் பீய்ச்சும் முனையை) திறந்த ஒரு நிமிடத்தில் அழுத்தம் விழுந்துவிடுகிறது என்கிறீர்கள். இம்பெல்லரை (பம்புக்குள் சுழலும் சக்கரத்தை) இப்போதைக்குப் பிரிக்க வேண்டாம். தண்ணீர் ஏறுகிறது என்றால் முதல் சந்தேகம் காற்றின் மேல்தான்.

கரைச்சுவரைத் தாண்டும் இடத்தில் சக்‌ஷன் ஹோஸ் (நீரை உறிஞ்சும் குழாய்), பம்பின் வாயைவிட மேடாக வளைந்திருக்கிறதா? அந்த உச்சியில் காற்று தேங்கும். ஓட்டம் கூடியதும் அது மொத்தமாக உள்ளே வந்து பிடிப்பை அறுத்துவிடும். பெரும்பாலும் இதுதான். நீரிலிருந்து பம்ப் வரை ஹோஸ் ஏறிக்கொண்டே வரும்படி வண்டியின் இடத்தை மாற்றுங்கள்; நாசிலையும் மெதுவாகத் திறங்கள்.

ஹோஸ் நுனியில் இருக்கும் ஸ்ட்ரெய்னருக்கு (வடிகட்டிக்கு) மேலே 60 செ.மீ. நீராவது நிற்க வேண்டும். குறைந்தால் சுழி உண்டாகிக் காற்றை இழுக்கும். ஆழம் போதாவிட்டால் நேர் மேலே ஒரு பலகையை மிதக்கவிடுங்கள், சுழி உடையும். ஸ்ட்ரெய்னரைச் சேற்றில் படாமல் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவதும் முக்கியம்.

அப்படியும் அழுத்தம் நிற்கவில்லையா? ஹோஸை இணைக்கும் கப்ளிங்கின் வாஷரில் மணல் இருக்கும், அல்லது ரப்பர் காய்ந்திருக்கும். சக்‌ஷன் பக்கக் கசிவு காற்றை உள்ளே இழுக்குமே தவிர சொட்டு நீரும் வெளியே வராது, அதனால் கண்ணுக்குப் படாது. பம்பை வடித்து, ஹோஸ் நுனியை மூடி போட்டு அடைத்து, பிரைமரால் வெற்றிட மானியை 22 அங்குலப் பாதரச அளவுக்கு ஏற்றி எல்லாவற்றையும் நிறுத்துங்கள். 5 நிமிடத்தில் 10 அங்குலத்துக்கு மேல் இறங்கினால் கசிவு உறுதி. நீரில்லாமல் பம்பை நீண்ட நேரம் சுழலவிடாதீர்கள், சீல் கருகிவிடும்.