சர்க்கரைச் சோதனையை வைத்தே ஈஸ்ட் சிற்றினங்களைப் பிரித்துவிட முடியாதா?

கேள்வி கேட்டவர் ஏல் பீரிலும் லாகர் பீரிலும் வேலை செய்யும் ஈஸ்ட்களைக் காட்டி, “இரண்டும் குளுக்கோஸ், சுக்ரோஸ், மால்டோஸ் எல்லாவற்றையும் நொதிக்கச் செய்கின்றன. பிறகு எதற்கு ஏல் ஈஸ்டுக்குச் செரிவிசியே, லாகர் ஈஸ்டுக்குப் பாஸ்டோரியானஸ் என்று இரண்டு சிற்றினப் பெயர்கள்?” என்கிறார். நியாயமான சந்தேகம். வகைப்பாட்டியலாளர்களுக்கே இது வந்திருக்கிறது. 1984 வாக்கில் இந்தக் கூட்டம் முழுவதையும் சாக்கரோமைசிஸ் செரிவிசியே என்ற ஒரே பெயருக்குள் அடைத்துவிட்டார்கள். அடுத்த ஆண்டே டிஎன்ஏ அதை உடைத்தது.

நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் இருப்பவன் என்பதால், முதலில் சர்க்கரைச் சோதனைகளுக்காகவே கொஞ்சம் வாதாடுகிறேன். மெலிபயோஸ் என்ற சர்க்கரையை லாகர் ஈஸ்ட் நொதிக்கச் செய்யும். ஏல் ஈஸ்ட் பெரும்பாலும் தொடாது. இன்னும் அழகானது, மூன்று எளிய சர்க்கரைகள் கோத்த ராஃபினோஸ். அதன் ஓரத்திலிருக்கும் ஃபிரக்டோஸை மட்டும் ஏல் ஈஸ்ட் வெட்டித் தின்றுவிட்டு, மூன்றில் இரண்டு பங்கான மெலிபயோஸை அப்படியே மிச்சம் வைக்கும். லாகர் ஈஸ்ட் முழுவதையும் முடித்துவிடும். வெப்பநிலையும் கைகொடுக்கும்: 37 டிகிரியில் ஏல் ஈஸ்ட் தட்டில் நன்றாக வளரும், லாகர் ஈஸ்ட் 34 டிகிரியைத் தாண்டினாலே திணறும். ஒரு பீர் ஆலையின் தரக் கட்டுப்பாட்டு அறைக்கு இவை போதும்.

ஆனால் மெலிபயோஸ் சோதனை உண்மையில் எதை அளக்கிறது? ஆல்ஃபா கேலக்டோசிடேஸ் என்ற ஒரு நொதியை, அதாவது மெல் என்று அழைக்கப்படும் ஒரு மரபணுவை. செரிவிசியேவிலேயே அந்த மரபணு உள்ள வகைகள் உண்டு. ஒரு மரபணு வருவதும் தொலைவதும் ஈஸ்ட் உலகில் சாதாரணம்; அதை நம்பி வம்சத்தை முடிவு செய்ய முடியாது.

1985இல் வாகன் மார்டினி, கர்ட்ஸ்மன் என்ற இரு ஈஸ்ட் ஆய்வாளர்கள் செய்தது வேறு வகை ஒப்பீடு. இரண்டு ஈஸ்ட்களின் டிஎன்ஏ இழைகளைப் பிரித்து, கலந்து, மீண்டும் எவ்வளவு இணைகின்றன என்று பார்த்தார்கள். ஒரே சிற்றினம் என்றால் ஏறக்குறைய முழுதாக இணைய வேண்டும். செரிவிசியேவும் அதன் உறவு ஈஸ்டான பையானஸும் மிகக் குறைவாகவே இணைந்தன, ஆகவே அவை வேறு வேறு. லாகர் ஈஸ்டான பாஸ்டோரியானஸோ இரண்டு பக்கமும் பாதிக்கு மேல் ஒட்டியது. கோவேறு கழுதையைப் போல அது ஒரு கலப்பினம் என்ற முடிவுக்கு அதுவே வழி காட்டியது.

தாய் தந்தையரில் ஒன்று செரிவிசியே. மற்றொன்று யார் என்பதற்கு 2011 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அர்ஜென்டினாவின் படகோனியாவில், நோத்தோஃபாகஸ் மரங்களில் வளரும் சிட்டேரியா பூஞ்சையின் முடிச்சுகளிலிருந்து லிப்கிண்ட் குழுவினர் ஒரு காட்டு ஈஸ்டைப் பிரித்தெடுத்தார்கள். லாகர் ஈஸ்டின் செரிவிசியே அல்லாத பாதியோடு அது 99.5 சதவீதம் ஒத்துப்போனது. யூபையானஸ் என்று பெயரிட்டார்கள். குளிரில் நொதிக்கும் திறன் லாகருக்கு இந்தப் பக்கத்திலிருந்து வந்த சொத்து. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு: 1985இல் ஒப்பீட்டுக்கு நின்ற பையானஸும் பெரும்பாலும் யூபையானஸ், யுவாரம் என்ற இரு ஈஸ்ட் சிற்றினங்களின் கலப்பினம்தான் என்று பின்னர் தெரிந்தது. அளவுகோலே கலப்படமாக இருந்திருக்கிறது!

எனவே “டிஎன்ஏ பார்த்தால் தீர்ந்தது” என்பதையும் நான் அப்படியே ஏற்க மாட்டேன். இன்று வழக்கமாகச் செய்வது, எல்லா ஈஸ்ட்களிலும் உள்ள 26எஸ் ரைபோசோம் மரபணுவின் டி1/டி2 என்ற பகுதியில் சுமார் 600 டிஎன்ஏ எழுத்துகளைப் படிப்பது. 1998இல் கர்ட்ஸ்மனும் ராப்னெட்டும் ஏறத்தாழ 500 ஈஸ்ட் சிற்றினங்களில் இதைப் பார்த்து, வித்தியாசம் ஒரு சதவீதத்தைத் தாண்டினால் பொதுவாக வேறு சிற்றினம் என்றார்கள். பெரும்பாலான ஈஸ்ட்களுக்கு அருமையான விதி. ஆனால் பாஸ்டோரியானஸும் பையானஸும் இந்தப் பகுதியில் ஒன்றேபோல் இருக்கும். ஒரே இடத்தைப் படித்தால் கலப்பினத்தின் ஒரு பெற்றோரைத்தான் பார்க்கிறீர்கள். மற்றொன்று கண்ணில் படாமலே போய்விடும்.

உங்கள் கல்லூரித் திட்டப்பணிக்கு என்றால் 37 டிகிரித் தட்டும் மெலிபயோஸ் குழாயும் முதலில். செலவு மிகக் குறைவு, எதைச் சந்தேகிக்க வேண்டும் என்றும் சொல்லிவிடும். பிறகு என்எல்1, என்எல்4 பிரைமர்களைக் (படிக்க வேண்டிய பகுதியின் இரு முனைகளையும் குறிக்கும் சிறு டிஎன்ஏ துண்டுகள்) கொண்டு டி1/டி2. விடை சாக்கரோமைசிஸ் என்று வந்தால் அங்கே நிறுத்தாமல், வெவ்வேறு குரோமோசோம்களில் உள்ள இன்னும் இரண்டு மூன்று மரபணுக்களைப் படியுங்கள். வசதி இருந்தால் முழு மரபணுத்தொகுதி.

செரிவிசியேவையும் அதன் காட்டு உறவான பாரடாக்ஸஸையும் பிரிப்பதென்றால் சர்க்கரைக் குழாய்களை எடுக்கவே வேண்டாம், அவற்றில் நம்பத்தக்க வேறுபாடு ஏதும் தெரியாது. பழைய முறை ஒன்று உண்டு. இரண்டையும் இணைசேர்த்தால் பிறக்கும் கலப்பினம் நன்றாகவே வளரும், வித்துகளும் (ஸ்போர்கள்) உண்டாக்கும். அந்த வித்துகளில் நூற்றில் ஒன்றுகூட முளைப்பது அரிது; அதுவே அவை வேறு வேறு சிற்றினங்கள் என்பதற்கு அடையாளம்.