சதுரத்துக்குள்ள சதுரம், இதுல என்ன கலை?

கேள்வி: ஜோசப் ஆல்பர்ஸ்னு ஒரு ஓவியர் சதுரத்துக்குள்ள சதுரமா ஆயிரத்துக்கு மேல வரைஞ்சிருக்காராம். போட்டோல பாத்தா எல்லாம் ஒரே மாதிரி இருக்கு. வடிவமே மாறலன்னா அதுல என்ன இருக்கு? இந்த மாதிரி ஓவியத்துல கலர் முக்கியமா, வடிவம் முக்கியமா?

பதில்: வடிவம் மாறாததுதாங்க அதுல விஷயமே. 1950ல ஆரம்பிச்சு 1976ல சாகுற வரைக்கும் அவர் அதே மூணு நாலு சதுரத்தை விடவே இல்ல, ஏன்னா வடிவம் அசையாம நின்னாதான் கலர் என்ன பண்ணுதுன்னு கண்ணுக்குத் தெரியும். நீங்களே செஞ்சு பாருங்க. ஒரே சாம்பல் கலர் பேப்பர்ல ரெண்டு சின்னத் துண்டு வெட்டி, ஒண்ணை வெள்ளை அட்டை மேலயும் இன்னொண்ணைக் கறுப்பு அட்டை மேலயும் வைங்க. வெள்ளை மேல இருக்கிறது கறுத்துப் போயிருக்கும், கறுப்பு மேல இருக்கிறது வெளுத்துத் தெரியும், ஒரே பேப்பர்ல வெட்டினதுன்னு தெரிஞ்சும் கண்ணு ஒத்துக்காது. ஆல்பர்ஸ் பெரும்பாலும் கலர் கலக்கவே மாட்டார், டியூப்ல இருந்து நேரா எடுத்துக் கத்தியால பூசிட்டு, எந்தக் கம்பெனி, என்ன கலர்னு பலகைக்குப் பின்னாடி எழுதி வச்சிடுவார். அப்படியும் நடுவுல இருக்கிற கலர் ரெண்டு பக்கக் கலரும் கலந்து வந்த மாதிரியே தெரியும் பாருங்க, எனக்கு இன்னைக்கும் அது ஆச்சரியம்தான்.

அதுக்காக வடிவம் சும்மா இல்ல. அந்தச் சதுரங்களை அவர் நட்டநடுவுல வைக்கல, கீழ ஒரு பங்கு இடைவெளி விட்டா பக்கத்துல ரெண்டு, மேல மூணு. அதனாலதான் அது கனமா கீழ உக்காந்த மாதிரியும், சில கலர்ல மேல மிதக்குற மாதிரியும் இருக்கு. நடுவுல வச்சிருந்தா வெறும் இலக்குப் பலகையாத்தான் தெரியும்.

மாலேவிச்னு இன்னொரு ஓவியர் 1918ல வெள்ளை மேல வெள்ளைச் சதுரம் வரைஞ்சார், அதையும் பாருங்க. சதுரம் லேசா சாஞ்சிருக்கும், ஒரு வெள்ளை கொஞ்சம் நீலம் ஓடினது, இன்னொண்ணு கொஞ்சம் மஞ்சள் ஓடினது, அந்தத் துளி வித்தியாசம் இல்லன்னா அங்க சதுரமே இல்ல. கலர்தான் அங்க கோடு போடுது, எதைத் தனியாப் பிரிச்சு இது பெருசுன்னு சொல்றது?

போட்டோவை வச்சு மட்டும் முடிவு பண்ணாதீங்க, அந்த ரெண்டு வெள்ளையும் ஸ்கிரீன்ல பல நேரம் ஒண்ணாயிடும்.