மூடிய அணு நிலையத்தைச் சுத்தம் செய்த பிறகும் ஏன் தண்ணீரைச் சோதித்துக்கொண்டே இருக்கிறார்கள்?

திருகோணமலையில் கடலோர மணலில் கிணறு வைத்திருப்பவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். உவர்த் தண்ணீரை அடிமட்டம் வரை இறைத்துக் கொட்டுவோம். மறுநாள் எட்டிப் பார்த்தால் அதே உவர்ப்பு. கிணற்றைத்தானே இறைத்தோம், நிலத்தை இல்லையே.

அமெரிக்காவின் ஹான்ஃபோர்டை எடுத்துக்கொள்ளுங்கள். நாகசாகிக் குண்டுக்குப் புளூட்டோனியம் செய்த இடம். கடைசி உலை 1987இல் நின்றது, 1989இல் துப்புரவு ஒப்பந்தம் போட்டார்கள், வேலை இன்னும் முடியவில்லை. நிலத்தடியில் 177 கழிவுத் தாங்கிகள், சில கசிந்தும்விட்டன.

ஆனால் பக்கத்துக் கொலம்பியா ஆற்றங்கரையில் பெரிய தொந்தரவு தந்தவற்றில் ஒன்று கதிர்வீச்சே இல்லாத குரோமியம். உலையைக் குளிரூட்டும் நீரில் துருப்பிடிக்காமலிருக்கக் கலந்தது அது; சால்மன் மீன் குஞ்சுகளுக்கு ஆகாது. நிலத்தடி நீரை இறைத்து, குரோமியத்தைப் பிடித்துக்கொள்ளும் பிசினில் வடித்து, திரும்ப நிலத்துக்குள் விடுகிறார்கள். அப்புறம் பம்பை நிறுத்திவிட்டு, மண்ணில் ஒட்டியிருந்தது மறுபடி கரைந்து வருகிறதா என்று கண்காணிப்புக் கிணறுகளில் பார்க்கிறார்கள்.

கதிர்வீசும் ஸ்ட்ரோன்சியம்-90 வேறு ரகம். பாதியாகக் குறையவே சுமார் 29 ஆண்டு. மண்ணைப் பிடித்துக்கொள்ளும், இறைத்தாலும் லேசில் வராது. கல்சியம் போல எலும்பில் சேரும் சாமான் என்பதால், எலும்பில் உள்ளது போன்ற அபடைட் கனிமத்தையே நிலத்தடியில் வேலியாக்கி மடக்கியிருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த யுக்தி இது.

சரி, சோதிக்க ஒரு கிணறு போதாதா? திருகோணமலையின் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போய் வாளி போட்டுப் பாருங்கள். ஏழு கிணறும் பக்கத்துப் பக்கத்தில்தான், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு.