விஜயகாந்த் மறைவுக்கு நெல்லைச் சீமை அவ்வளவு கலங்கியது ஏன்?

சென்னையில் காலமான நடிகருக்குத் திருநெல்வேலியில் தெருத்தெருவாகப் படம் வைத்து மாலை போட்டது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். 2023 டிசம்பர் 28 அன்று விஜயகாந்த் தமது 71ஆம் வயதில் மறைந்தபோது, தாமிரபரணி வெள்ளம் ஊருக்குள் புகுந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. சந்திப்புப் பகுதியில் ஒரு தேநீர்க் கடையில், வண்டல் கறை படிந்த சுவரில் ஆணியடித்து அவர் படத்தை மாட்டி, முன்னால் வாழையிலையில் சோறு வைத்திருந்ததைப் பார்த்தேன்.

விடை அந்த இலையில்தான் இருக்கிறது. படப்பிடிப்பில் நாயகனுக்கும் கடைநிலைத் தொழிலாளிக்கும் ஒரே சாப்பாடு என்று அவர் நின்றதைப் பற்றிய பேச்சு, ஒருநாளும் பிறரிடம் கை நீட்டாதவர்கள்கூட உணவுப் பொட்டலத்துக்குக் காத்துநின்ற அந்த நாள்களில், வேறெந்தப் புகழுரையைக் காட்டிலும் ஆழமாக உள்ளே இறங்கியது. நடிகர் சங்கத்தின் கடனை அடைத்ததும், 2011இல் எதிர்க்கட்சித் தலைவரானதும் இரங்கற் செய்திகளில் வந்தன. தெருவில் பேசியதென்னவோ சோற்றைப் பற்றித்தான்.

கட்சிக்காரர்கள் மட்டும் அழுதார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். அவருக்கு ஒருமுறைகூட வாக்களிக்காத எங்கள் தெரு மளிகைக்கடை அண்ணாச்சியும் அன்று பாதிக் கதவை இறக்கியே வைத்திருந்தார். உடல்நலம் குன்றி விஜயகாந்த் நாக்குழறியபோது மீம் போட்டுச் சிரித்த இளைஞர்கள் பலர் அன்றைய நிலைத்தகவல்களில் மன்னிப்புக் கேட்டதில், துக்கத்தைவிடக் குற்றவுணர்வே மிகுதி என்பது என் கணிப்பு.