கணினிக் கேள்விகள்: கேம் ஸ்ட்ரீமிங்குக்கு முன்பணம் கட்டலாமா?

கே: மகன் கோவையில் இன்ஜினியரிங் படிக்கிறான். புதிதாக ஒரு கேம் ஸ்ட்ரீமிங் சேவை வரப்போகிறதாம். இப்போதே பணம் கட்டினால் கன்ட்ரோலரோடு ஒரு பெட்டியும், சில மாதச் சந்தாவும் கிடைக்குமாம். பச்சைத் தேயிலைக் காசு வந்ததும் கட்டச் சொல்கிறான். கட்டலாமா?
– சிறு விவசாயி, கோத்தகிரி

ப: கொஞ்சம் பொறுங்கள் ஐயா. குன்னூரில் என் கடைக்கு வருகிற பையன்களுக்கும் இதையேதான் சொல்கிறேன். கேம் ஸ்ட்ரீமிங் என்றால், கேம் எங்கோ இருக்கிற கம்பெனி கம்ப்யூட்டரில் ஓடும், படம் மட்டும் நெட் வழியாக நம் திரைக்கு வரும். கூகுளின் ஸ்டேடியா என்ற சேவையும் இப்படி முன்பணம் வாங்கித்தான் வந்தது. 2019 மார்ச்சில் அறிவித்து, நவம்பர் 19 அன்று 14 நாடுகளில் திறந்தார்கள். இந்தியா அதில் இல்லை. முதலில் நுழைய வேண்டுமானால் 129 டாலர் பெட்டி: கன்ட்ரோலர், டிவியில் சொருகும் குரோம்காஸ்ட், 3 மாத புரோ சந்தா. அதன் பிறகு மாதம் 9.99 டாலர். இதில் பலர் கவனிக்காமல் விட்டது என்னவென்றால், சந்தா கட்டினாலும் புதிய கேம்களைத் தனியாகக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். 2020 ஏப்ரலில் பெட்டியே இல்லாமல் எல்லோருக்கும் கதவைத் திறந்து, புரோவையும் 2 மாதம் சும்மா கொடுத்தார்கள். அடித்துப் பிடித்து முன்பணம் கட்டியவர்களுக்கு வயிறு எரிந்திருக்காதா?

2023 ஜனவரி 18-ல் கடையையே மூடிவிட்டார்கள். தங்களிடம் வாங்கிய பெட்டிக்கும் கேமுக்கும் காசைத் திருப்பித் தந்தார்கள், அதைச் சொல்லியாக வேண்டும். மாதச் சந்தா போனது போனதுதான். எல்லா நிறுவனமும் அந்த அளவுக்குக்கூடத் தராது.

முந்தியவருக்கு லாபமே கிடையாது என்றும் சொல்ல மாட்டேன். இதே போன்ற அமேசான் லூனா சேவை சோதனைக் காலத்தில் மாதம் 5.99 டாலர், 2022 மார்ச்சில் அமெரிக்காவில் எல்லோருக்கும் திறந்தபோது 9.99 ஆக்கினார்கள். ஆனால் பிளேஸ்டேஷன் நவ் 19.99-ல் ஆரம்பித்து 2019-ல் 9.99-க்கு இறங்கியது. விலை எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் மாதா மாதம் கட்டி, வேண்டாமென்றால் நிறுத்திக்கொள்கிற திட்டம் வரட்டும். பெட்டிக்கும் வருடச் சந்தாவுக்கும் இப்போது வேண்டாம்.

கே: எங்கள் ஹோம்ஸ்டேயில் தங்குகிற இளைஞர்கள் கேம் ஸ்ட்ரீமிங் ஓடுமா என்று கேட்கிறார்கள். மொபைல் டேட்டா போதுமா?
– ஹோம்ஸ்டே நடத்துபவர், கொடைக்கானல்

ப: போதாது. சுமாரான படத்துக்கே நொடிக்கு 10 மெகாபிட் வேண்டும். கணக்குப் போட்டால் மணிக்கு நாலரை ஜிபி. ஒரு நாளைக்கு 2 ஜிபி தருகிற பேக், அரை மணி நேரத்துக்குள் காலி.

சரி, ஃபைபர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சினிமா என்றால் அடுத்த காட்சியை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளும். இடையில் நெட் திணறினாலும் தெரியாது. கேமில் அடுத்த காட்சி, ஆடுகிறவர் எந்தப் பட்டனை அமுக்குகிறார் என்பதைப் பொறுத்தது. அந்த அமுக்கல் எங்கோ இருக்கிற சர்வருக்குப் போய், அங்கே படமாகி, திரும்பி வர வேண்டும். ஆகவே வேகத்தை விட பிங், அதாவது இப்படிப் போய்த் திரும்பி வர ஆகும் நேரம், நிலையாக இருப்பதுதான் முக்கியம். சனிக்கிழமை ராத்திரி 8 மணிக்கு, ரூமெல்லாம் நிரம்பி எல்லோரும் ரீல்ஸ் பார்க்கிற நேரத்தில் பிங் போட்டுப் பாருங்கள். 35, 38, 36 மில்லிசெகண்ட் என்று வந்துகொண்டே இருந்தால் நல்லது. நடுவில் திடீரென்று 240 என்று துள்ளினால், கேமில் வண்டி வளைவைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்த பிறகுதான் ஸ்டீயரிங் திரும்பும். நம் மலையில் காற்று மழைக்கு மரக்கிளை முறிந்து கேபிள் மேல் விழுவதும் உண்டு, அது வேறு கதை. விளம்பரப் பலகையில் மட்டும் 'கேம் ஸ்ட்ரீமிங் ஓடும்' என்று போட்டுவிடாதீர்கள். டிவிக்கு வைஃபையை நம்பாமல் ரூட்டரிலிருந்து லேன் ஒயர் இழுத்துக் கொடுங்கள், பாதிப் பிரச்சினை தீரும்.

கே: ஸ்டீம் என்ற ஆன்லைன் கடையில் வாங்கிய கேம்களை, ஸ்ட்ரீமிங்கில் ஆட மறுபடி வாங்க வேண்டுமா?
– கல்லூரி மாணவி, கூடலூர்

ப: சேவைக்குச் சேவை மாறும். என்விடியாவின் ஜிஃபோர்ஸ் நவ், நீங்கள் ஏற்கெனவே வாங்கியதையே ஓட்டும். 2020 பிப்ரவரியில் எல்லோருக்கும் திறந்தபோது, இலவசமாக ஒரு தடவைக்கு 1 மணி நேரம், இல்லையென்றால் மாதம் 4.99 டாலர். ஆனால் அதே மாதத்தில் கேம் வெளியிடும் நிறுவனங்களான ஆக்டிவிஷன் பிளிஸார்டும் பெதஸ்டாவும் தங்கள் கேம்களை அங்கிருந்து எடுக்க வைத்துவிட்டன. எந்தச் சேவையானாலும் உங்கள் கேம் அந்தப் பட்டியலில் இன்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கட்டுங்கள்.